பழசா, புதுசா? முதல் அனலாக் கருவி வாங்குமுன்

அனலாக் சிந்தசைசரோ டிரம் மெஷினோ வாங்கக் கிளம்புகிறவர் காதில் முதலில் விழும் அறிவுரை, "பழசைத் தேடிப் பிடி, உயிர் அதில்தான் இருக்கிறது" என்பது. அதைக் கேட்டு 40 வயதான ஒரு பெட்டிக்கு லட்சக்கணக்கில் கொடுத்தவர்கள் உண்டு. அவ்வளவு பணம் இல்லாததால் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்களும் உண்டு. இந்த அத்தியாயம் அந்த அறிவுரைக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. முதல் கருவி புதியதாக, சிறியதாக, ஒன்றே ஒன்றாக இருக்கட்டும் என்பது என் கட்சி. செலவைக் குறைக்கச் சொல்லும் யோசனை என்று மட்டும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய கருவிகளுக்குப் பெயர் வாங்கித் தந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று துருவிப் பார்த்தால், காரணங்களின் வரிசையில் வயது கடைசியில்தான் வந்து நிற்கும்.

அந்த ஒலி பதிவான காலத்துக்கே போய்ப் பார்க்கலாம். ரோலண்டின் டிஆர்-808 டிரம் மெஷின் 1980-ல் வந்தது, 1983-ல் நின்றது. மொத்தம் சுமார் 12,000 தயாராயின. அதே காலத்தில் ரோஜர் லின் கொண்டுவந்த எல்எம்-1, நிஜமான டிரம் ஒலிகளையே பதிவுசெய்து வைத்திருந்தது. அதன் விலை 5,000 டாலருக்கு ஐந்து டாலர்தான் குறைவு. 808 ஏறக்குறைய அதன் கால்பங்கு விலைக்குக் கிடைத்தது. ஆனால் நிஜ டிரம் போல ஒலிக்கவில்லை என்பதே அன்று அதன்மேல் இருந்த பெரிய குறை. அதே ரோலண்டின் டிபி-303-இன் கதை இன்னும் பரிதாபம். தனியாகக் கிதார் பழகுகிறவருக்கு இது பேஸ் வாசித்துத் துணை நிற்கும் என்று சொல்லி விற்ற அந்த வெள்ளி நிறப் பெட்டியை பேஸ் கிதார் என்று யாரும் நம்பவில்லை. 1984-லேயே தயாரிப்பு நின்றுபோனது. இதற்கிடையே 1983-ல் யமஹாவின் டிஜிட்டல் சிந்தசைசர் டிஎக்ஸ்7 வந்தது. எல்லோரும் டிஜிட்டல் பக்கம் ஓட, அனலாக் பெட்டிகள் பழைய சாமான் கடைகளுக்குப் போயின. அங்கிருந்து அவற்றைச் சல்லிசாக எடுத்துச் சென்ற இளைஞர்கள்தான் சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் புதிய நடன இசையை உண்டாக்கினார்கள். சிகாகோவின் ஃபியூச்சர் குழு 303-ஐ வைத்துச் செய்த 'ஆசிட் டிராக்ஸ்' 1987-ல் வந்தபோது 303-க்கு வயது ஐந்தாறுதான்.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஹிந்தி சினிமா இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 808, 303, ஜுப்பிட்டர்-8 என்ற மூன்று ரோலண்ட் கருவிகளை வைத்துக்கொண்டு 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்தபிறகுதான், சிகாகோவில் ஆசிட் என்று பெயர் வாங்கிய ஒலி ஐந்து ஆண்டு முன்பே மும்பையில் பதிவாகியிருப்பதைக் கண்டு உலகம் வியந்தது. 303-இன் சீக்வென்சரில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி உண்டு. ராகம் வாசிக்கிறவர் கைக்கு அது எப்படிப் பொருந்தியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. சரண்ஜித் சிங் வாசித்தது புத்தம்புதிய கருவிகளை. சிகாகோ இளைஞர்கள் எடுத்தது யாருக்கும் வேண்டாத கருவிகளை. மார்வின் கேயின் 'செக்ஷுவல் ஹீலிங்' வந்த 1982-ல் 808 கடையிலேயே கிடைத்தது. நாம் இன்று புராதனம் என்று கும்பிடும் பதிவுகளில் ஒன்றுகூடப் புராதனக் கருவியில் பிறக்கவில்லை.

"பதிவு எப்போது பிறந்தால் என்ன, ஒலி அந்தக் கருவியுடையதுதானே?" என்று கேட்கலாம். சரி, அந்தக் கருவி என்றால் எது? சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் புராஃபெட்-5 1978-ல் வந்தது. அதன் முதல் இரண்டு வடிவங்களில் எஸ்எஸ்எம் சில்லுகள்; 1980-ல் வந்த மூன்றாவது வடிவத்தில் கர்ட்டிஸ் சில்லுகள். ஃபில்டரின் குணமே இரண்டிலும் வேறு. 1978-ன் கோர்க் எம்எஸ்-20-யும் அப்படித்தான். தயாரிப்பின் நடுவிலேயே அதன் ஃபில்டர் சுற்று மாறிவிட்டது. ஆக, அசல் ஒலி என்று தனியாக ஒன்று அன்றும் இருந்ததில்லை. இருந்தவை குறிப்பிட்ட சில சுற்றுகள். அந்தச் சுற்றுகளின் வரைபடங்கள் இன்றும் இருக்கின்றன, பாகங்களும் கிடைக்கின்றன. நின்றுபோன கர்ட்டிஸ் 3340 ஆஸிலேட்டர் சில்லை 2016-ல் மறுபடி தயாரிக்கத் தொடங்கினார்கள். 2013-ல் கோர்க் வெளியிட்ட எம்எஸ்-20 மினி, மூலக் கருவியை உருவாக்கிய பொறியாளர்களின் பங்களிப்போடு வந்தது. அளவில் 86 சதவீதம், சுற்றில் அதேதான். 2020-ல் வந்த நான்காம் வடிவ புராஃபெட்-5 இரண்டு வகை ஃபில்டர்களையும் ஒரே பெட்டியில் வைத்து, ஒரு சுவிட்சால் மாற்றிக்கொள்ள விடுகிறது. 1980-ல் இதற்கு இரண்டு கருவிகள் வாங்க வேண்டியிருந்திருக்கும்.

வயதுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது சுருதி விலகல் பற்றியது. பழைய ஆஸிலேட்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருக்கும், அந்த அசைவுதான் உயிர் என்பார்கள். அசைவு உண்மை, அதன் காரணமும் எளிது. இவ்வகைக் கருவிகளில் கீபோர்டிலிருந்து ஓர் ஆக்டேவுக்கு ஒரு வோல்ட் என்ற கணக்கில் மின்னழுத்தம் வருகிறது. ஆஸிலேட்டருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் அதைச் சுமார் 18 மில்லிவோல்ட்டாகத்தான் பார்க்கிறது, அந்த 18 என்ற எண்ணும் வெப்பத்தோடு மாறுகிறது. ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய 0.33 சதவீதம். ஈடுகட்ட எதுவும் வைக்காவிட்டால், அறை வெப்பம் 10 டிகிரி ஏறும்போது மூன்று ஆக்டேவ் தாண்டிய ஸ்வரம் அரை ஸ்வரத்துக்கும் மேலே விலகிவிடும். ஏசி அணைந்த சென்னை அறையில் 10 டிகிரி ஒன்றும் அதிசயமில்லை. இதை அன்றைய பொறியாளர்கள் உயிர் என்று கொண்டாடவில்லை, வியாதி என்று வைத்தியம் பார்த்தார்கள். மூக் நிறுவனத்தின் மினிமூக் சிந்தசைசரில், பிற்கால ஆஸிலேட்டர் பலகையில் தன்னைத்தானே சூடாக வைத்துக்கொள்ளும் டிரான்சிஸ்டர் ஜோடியைப் போட்டார்கள். 1982-ல் ரோலண்ட் ஜூனோ-60-இல் ஆஸிலேட்டரை டிஜிட்டல் கடிகாரத்தோடு கட்டி, விலகலுக்கே இடமில்லாமல் செய்தது. புதிய புராஃபெட்-5-இலோ சுருதியைக் கலைப்பதற்கென்றே 'வின்டேஜ்' என்று ஒரு குமிழ் இருக்கிறது! எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு திருப்பிக்கொள்ளலாம், வேண்டாதபோது மூடிவிடலாம். பழைய கருவி இந்தத் தெரிவைக் கொடுக்காது.

808-ஐ முன்வைத்து இன்னொரு மறுப்பு வரும், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. அதில் கேட்கும் ஒருவித சீற்றத்துக்காகக் குறையுள்ள டிரான்சிஸ்டர்களைத் தெரிந்தே வாங்கிப் போட்டதாகவும், உற்பத்தி தேறி அந்தக் கழிவு கிடைக்காமல் போனதும் 808-ஐ நிறுத்த நேர்ந்ததாகவும் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ காகேஹாஷி பின்னாளில் சொன்னார். அப்படியானால் இன்றைய நகல் எதுவும் 808 ஆகாது என்பது வாதம். பாதிக்கு நான் தலையாட்டுவேன். ஆனால் 808-இல் எல்லோரும் தேடுவது அந்தச் சீற்றத்தையா? அதன் பேஸ் டிரம்மைத்தான். அது 50 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒலிக்கும்படி அமைத்த ஒரு சிறு சுற்றை மின் துடிப்பால் தட்டி, அது அதிர்ந்து அடங்குவதைக் கேட்பது; டிகே குமிழைத் திருப்பினால் அதிர்வு நீளும். கௌபெல் என்பது சுமார் 540, 800 ஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு சதுர அலைகள். இவற்றில் மர்மம் எதுவும் இல்லை. எந்தப் பொறியாளரும் திரும்பக் கட்டலாம், கட்டியும் இருக்கிறார்கள். தவிர, பாகங்களின் அளவு முன்னே பின்னே இருக்கும் என்பதால் இரண்டு அசல் 808-கள் ஒன்றுபோல ஒலிப்பதில்லை. நல்ல நகலுக்கும் அசலுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும். இதைச் சோதிக்கிறவர்கள் இரண்டு ஒலிகளின் அளவையும் சமமாக வைத்துக்கொண்டு கேளுங்கள்; சற்றே சத்தமாக இருப்பதை நல்ல ஒலி என்று காது தீர்ப்பு எழுதிவிடும். ஃபோன் ஸ்பீக்கரில் ஒப்பிட்டுப் பார்ப்பது வீண். அங்கே 50 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது.

'அனலாக் கதகதப்பு' என்று சொல்கிறார்களே, அதையும் உள்ளே போய்ப் பார்த்துவிடலாம். கோர்க் வோல்கா பேஸ் போன்ற மூன்று ஆஸிலேட்டர் உள்ள சிறு பெட்டி இதற்குப் போதும். ஃபில்டரை முழுக்கத் திறந்து, ரெசனன்ஸைப் பூஜ்யத்தில் வைத்து, ஓர் ஆஸிலேட்டரை மட்டும் ஒலிக்க விடுங்கள். ரம்பப் பல் அலை. தட்டையாக, சற்றுக் கரகரப்பாக இருக்கும். இரண்டாவதையும் திறந்து, இரண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவாருங்கள். இப்போது இரண்டாவதன் குமிழை மயிரிழை அளவு நகர்த்துங்கள். ஒன்று 110 ஹெர்ட்ஸ், மற்றது 110.5 என்றால், ஒலி இரண்டு நொடிக்கு ஒருமுறை பொங்கித் தணியும். தம்புராவின் இரண்டு நடுத் தந்திகள் சரியாகச் சேர்வதற்குச் சற்று முன் கேட்குமே ஓர் அலை, அதேதான் இது. மூன்றாவதையும் எதிர்ப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் அலைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, எளிதில் பிடிபடாத ஓர் அடர்த்தி வரும். இப்போது ஃபில்டரை மெல்ல மூடினால் மேல்ஸ்தாயிக் கரகரப்பு உதிர்ந்து அடர்த்தி மட்டும் மிஞ்சும். கதகதப்பு என்று பெயர் வைத்துப் பேசப்படுவதில் பெரும்பங்கு இதுதான். நேற்று வாங்கிய பெட்டியிலும் இது வரும்.

இந்த இடத்தில் மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும்: "சுற்றுதான் முக்கியம் என்றால், அந்தச் சுற்றைக் கணினியில் மென்பொருளாக எழுதிவிட்டார்களே, பெட்டி எதற்கு?" நியாயமான கேள்வி. முடிந்த பாட்டில் ஒலி எப்படி இருக்கிறது என்பது மட்டுமே உங்கள் கவலை என்றால் மென்பொருளே போதும். மினிமூகையும் ஜூனோவையும் போலச் செய்த நல்ல பிளகின்கள் இருக்கின்றன. இந்த நூல் பேசுவது கற்றுக்கொள்வதைப் பற்றி. சிறு அனலாக் பெட்டியில் ஒரு குமிழுக்குப் பெரும்பாலும் ஒரே வேலை. சேமித்து வைத்த ஆயிரம் ஒலிகள் கிடையாது. ஆகவே ஒலியைத் தேர்ந்தெடுக்க முடியாது, செய்துதான் ஆக வேண்டும். மினிமூகில் நினைவகமே இல்லை. அதை வாசித்தவர்கள் ஒவ்வொரு முறையும் கையால் ஒலியைக் கட்டினார்கள், கட்டிக் கட்டியே அதன் ஒவ்வொரு குமிழையும் அறிந்தார்கள். ஃபில்டரும் என்வலப்பும் கைக்குப் பழகிய பிறகு எந்த மென்பொருளுக்குப் போனாலும் அந்தப் பழக்கம் கூடவே வரும். மென்பொருளில் தொடங்கி அதே பயிற்சியைப் பெற்றவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அதற்கு ஒலிப்பட்டியலைத் திறக்காமல் இருக்கும் மன உறுதி வேண்டும்.

பழைய கருவியை முதலீடாகப் பார்ப்பவர்களிடம் வாதிடுவதற்கு ஒன்றுமில்லை. அவர்கள் வாங்குவது வேறு பொருள். நகல்களைப் பற்றிய தார்மீகக் கேள்விக்கு ஒரு பதில் தேவை. மூகின் ஏணி ஃபில்டருக்கு 1969-ல் கிடைத்த காப்புரிமை எப்போதோ காலாவதியானது. அந்தச் சுற்றை இன்று யாரும் பயன்படுத்தலாம். அதே முகப்பு, அதே வண்ணம், பெயரில் மட்டும் ஓர் எழுத்து மாற்றம் என்று அச்சடித்தாற்போல விற்பது எனக்கு ரசிக்கவில்லை. அது உறுத்துகிறவர்களுக்கு மாற்று உண்டு: கோர்க் தன் கருவியைத் தானே மறுபடி தயாரிக்கிறது, பிரான்சின் ஆர்ட்டூரியா 2012-ன் மினிபுரூட் முதலே சொந்த வடிவமைப்பில் அனலாக் கருவிகளைத் தருகிறது.

கடைக்குப் போகும்போது பெட்டியின் மேல் உள்ள பழைய பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். ரோலண்டின் டிபி-03-யும் டிஆர்-08-உம் பார்க்க அசல் போலவே இருக்கும், உள்ளே இருப்பது டிஜிட்டல். வோல்கா பீட்ஸில் கிக், ஸ்நேர், டாம், ஹைஹேட் அனலாக். கைதட்டலும் கிராஷும் பதிவுசெய்த ஒலிகள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. புகழ்பெற்ற டிஆர்-909-உம் அப்படிப்பட்ட கலவைதான், அதன் சிம்பல்கள் பதிவுகள். எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்திருந்தால் போதும். தாளத்தில் ஈடுபாடு உள்ளவருக்கு ஒரு சிறு டிரம் மெஷின், ராகத்திலோ மெட்டிலோ ஈடுபாடு உள்ளவருக்கு ஒரு குரல் மட்டும் உள்ள சிந்தசைசர். இரண்டில் ஒன்று. 2013-ல் வோல்காக்களும் 2019-க்குப் பிறகு பெரிங்கரின் டிடி-3 என்ற 303 நகலும் அமெரிக்காவில் சுமார் 150 டாலர் விலையில் வந்தன. அசல் 303-க்கு இன்று பல ஆயிரம் டாலர் கேட்கிறார்கள். பின்னால் இரண்டாவது பெட்டி வாங்கும்போது தாளம் சேர வேண்டுமே என்ற கவலை இருந்தால், இரண்டிலும் மிடி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சிவி (கட்டுப்பாட்டு மின்னழுத்தம்) கம்பி வழியாக இணைக்க நினைப்பவர்கள், எம்எஸ்-20-யின் கணக்கு ஆக்டேவுக்கு ஒரு வோல்ட் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். மூகோடு நேராக மாட்டினால் ஸ்வரங்கள் தாறுமாறாகும்.

வாங்கியபிறகு என்ன செய்வது? 303 வகைப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். மூலக் கருவியில் ஸ்வரங்களை ஒரு வரிசையாகவும், எது ஒலிக்கும், எது நீளும், எது மௌனம் என்பதை வேறொரு வரிசையாகவும் தனித்தனியே உள்ளிட வேண்டும். இந்தக் குழப்பத்தால்தான் அன்று வாங்கியவர்கள் அதைத் தூக்கிப் போட்டார்கள். நினைத்த மெட்டு வராமல் நினைக்காத மெட்டு வந்ததும் இதே குழப்பத்தால்தான். ஆகவே கணினியிலிருந்து மெட்டை அனுப்பாமல், பெட்டியிலேயே 16 ஸ்டெப்பையும் கையால் உள்ளிடுங்கள். ஒரே ஒரு ஸ்வரத்தை 16 இடத்திலும் போட்டு, மூன்று இடத்தில் அழுத்தம், இரண்டு இடத்தில் மேல் ஆக்டேவ், அதற்கு முந்தைய ஸ்டெப்பில் வழுக்கல். ஓட விட்டு, கட்ஆஃப், ரெசனன்ஸ், டிகே ஆகிய மூன்று குமிழ்களை மட்டும் தொடுங்கள். ரெசனன்ஸை ஏற்றும்போது அழுத்தம் வைத்த ஸ்டெப்புகள் மற்றவற்றைவிடக் கூர்மையாகக் கத்தத் தொடங்குவதைக் கவனியுங்கள். அழுத்தம் என்பது இங்கே சத்தத்தைக் கூட்டுவது மட்டுமல்ல, ஃபில்டரையும் சேர்த்துத் திறப்பது. 'ஆசிட் டிராக்ஸ்' நீண்ட நேரம் ஓடுகிறது; அதில் பெரும்பாலான நேரம் நடப்பது மெட்டு மாறாமல் குமிழ்கள் மாறுவதுதான்.

பழைய கருவியே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. புதிய பெட்டியைப் பழகியபிறகு, "எனக்கு வேண்டிய இந்த ஒலி இதில் வரவில்லை, இன்ன கருவியின் இன்ன சுற்றில்தான் வருகிறது" என்று பெயர் சொல்லிக் கேட்கத் தெரிந்தவுடன் தேடத் தொடங்கலாம். அப்போதும் முதலில் தேட வேண்டியது ரிப்பேர் செய்யக்கூடிய ஆளை, கருவியை அப்புறம். ஜூனோ-106-இல் ஒவ்வொரு குரலுக்கும் 80017ஏ என்ற ஒரு சில்லு; அதன்மேல் பூசிய பிசின் நாள்பட மின்கசிவு உண்டாக்கி, குரல் கரகரக்கும் அல்லது செத்துப்போகும். கோர்க் பாலிசிக்ஸில் நினைவகத்துக்கான நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து பலகையையே அரித்துவிடும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்ட ஸ்லைடர்களும் குமிழ்களும் கொரகொரக்கும். அது சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

பார்க்கப் போகும்போது பின்பக்கத்து வோல்ட் அளவை முதலில் படியுங்கள். ஜப்பான் சந்தைக்கு வந்தது 100 வோல்ட், அமெரிக்கச் சந்தைக்கு வந்தது 120. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருவி போயே போய்விடும், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். ஆன் செய்து இருபது நிமிடம் சூடாக விட்டு, பிறகு சுருதி பாருங்கள். ஆறு குரல் கருவி என்றால் ஒரே கட்டையை ஆறு முறைக்கு மேல் தட்டி, ஏதாவது ஒரு தட்டலில் ஒலி மங்குகிறதா, விடுபடுகிறதா என்று கேளுங்கள். ஜூனோ-106-இல் கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் சோதனை முறைக்குப் போகும். எந்தக் கட்டை எந்தக் குரலில் ஒலிக்கிறது என்று திரையில் எண் காட்டும். பழுது நான்காவது குரலிலா ஆறாவதிலா என்று குறித்துக்கொண்டு, அந்தச் சில்லின் மாற்றுப் பாகத்துக்கும் கைக்கூலிக்கும் எவ்வளவு ஆகும் என்று ரிப்பேர்காரரிடம் ஃபோனில் கேட்டுவிட்டு, அதைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.